ஜாவா வெப் சர்வீஸ் கிளையன்டில் இன்ஜெக்ஷன் சிக்கல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப் சர்வீஸைக் கூப்பிடும் ஜாவா கோடில் கிளையன்ட் ஆப்ஜெக்டை நாமே உருவாக்குவதில்லை. ஃபீல்டுக்கு மேல் ஓர் அனோட்டேஷன் (@ குறியோடு எழுதும் குறிப்பு) போட்டுவிட்டு, மற்றதை கன்டெய்னர் (நம் கோடை ஓட்டும் சர்வர்) பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். அது இப்படி ஃபீல்டை நிரப்பித் தருவதுதான் இன்ஜெக்ஷன். அது பார்த்துக்கொள்ளாத நாளில் கையில் கிடைப்பது ஒரு நல்பாயிண்டர்எக்செப்ஷன் மட்டும்தான். ஃபீல்டு ஏன் நிரம்பவில்லை என்று அது சொல்லாது. அந்த "ஏன்" எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பதற்காகத்தான் இந்தப் பக்கம்.

சோப் (எக்ஸ்எம்எல் செய்திகள் வழியாகப் பேசும் வெப் சர்வீஸ் முறை) கிளையன்ட் பற்றியே அதிகம் பேசியிருக்கிறேன். பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கோடு அங்கேதான் அதிகம், சிக்கலும் அங்கேதான் அதிகம். உதாரணத்துக்கு ஒரு நாணய மாற்று சேவையை வைத்துக்கொள்வோம். சேவையின் விவரக் கோப்பைப் படித்து ஜாவா கோடு எழுதித் தரும் டபிள்யூஎஸ்இம்போர்ட் கருவி உருவாக்கித் தந்த சர்வீஸ் கிளாஸ் "ரேட்சர்வீஸ்". அதில் கிடைக்கும் போர்ட் இன்டர்ஃபேஸ், அதாவது சேவையை உண்மையில் கூப்பிடும் மெத்தட்கள் உள்ளது, "ரேட்போர்ட்". கீழே எல்லா இடத்திலும் இதே பெயர்கள்தான்.

@வெப்சர்வீஸ்ரெஃப் போட்டிருக்கிறேன். கம்பைல் ஆகிறது, டெப்ளாய் ஆகிறது. ஓடும்போது மட்டும் ஃபீல்டு காலியாக இருக்கிறது. ஏன்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஃபீல்டு இருக்கும் ஆப்ஜெக்டை உருவாக்கியது யார்?

அனோட்டேஷன் தானாக எதையும் செய்யாது. வாசலில் பால்காரருக்கு எழுதி வைத்த சீட்டு மாதிரி அது. பால்காரர் வந்து படித்தால்தான் பால் கிடைக்கும். கன்டெய்னர் ஓர் ஆப்ஜெக்டைத் தானே உருவாக்கும்போதுதான் அதன் ஃபீல்டுகளைப் பார்த்து, அனோட்டேஷனைப் படித்து, நிரப்புகிறது. உங்கள் கோடில் எங்கோ "நியூ" போட்டு உருவாக்கிய ஆப்ஜெக்டைப் பற்றி கன்டெய்னருக்கு எதுவுமே தெரியாது.

வழக்கமாக இது இப்படி நடக்கும். சர்வ்லெட்டில் (வெப் ரிக்வெஸ்டைக் கையாளும் கிளாஸ்) நேரடியாக @வெப்சர்வீஸ்ரெஃப் போட்டிருந்தார்கள், வேலை செய்தது. அப்புறம் கோடை ஒழுங்குபடுத்தலாம் என்று, சேவையைக் கூப்பிடும் பகுதியை "ரேட்ஹெல்பர்" என்ற சாதாரண கிளாஸுக்கு மாற்றினார்கள். ஃபீல்டும் அனோட்டேஷனும் கூடவே போயின. சர்வ்லெட்டுக்குள் "நியூ ரேட்ஹெல்பர்" என்று ஒரு வரி சேர்ந்தது. அந்த வரியோடு இன்ஜெக்ஷன் போய்விட்டது. சர்வ்லெட்டை உருவாக்குவது கன்டெய்னர், ஹெல்பரை உருவாக்குவது நாம்.

சர்வ்லெட், ஃபில்டர், லிஸனர், இஜேபி (சர்வர் நிர்வகிக்கும் வணிக வேலைக்கான கிளாஸ்), வெப் சர்வீஸ் எண்ட்பாயிண்ட், அதன் ஹேண்ட்லர்கள் (செய்திகளை இடையில் பிடித்துப் பார்க்கும் கிளாஸ்கள்), சிடிஐ பீன்கள் (ஜாவா இஇ-யின் இன்ஜெக்ஷன் அமைப்பான சிடிஐ நிர்வகிக்கும் ஆப்ஜெக்டுகள்) ஆகியவை கன்டெய்னர் உருவாக்குபவை. மற்றபடி சாதாரண கிளாஸ் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. தீர்வு இரண்டு: ஹெல்பரையும் சிடிஐ பீனாக்கி @இன்ஜெக்ட் மூலம் வாங்குங்கள், அல்லது போர்ட்டை சர்வ்லெட்டிலேயே வாங்கி, ஹெல்பரின் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுங்கள். எனக்குப் பிடித்தது இரண்டாவது, ஏனென்றால் அப்போது அந்த ஹெல்பருக்கு கன்டெய்னரே தேவையில்லை.

பெரிய புராஜெக்ட். யார் உருவாக்குகிறார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன செய்வது?

அந்த கிளாஸின் கன்ஸ்ட்ரக்டருக்குள் தற்காலிகமாக ஒரே ஒரு வரி போடுங்கள்: த்ரெட்.டம்ப்ஸ்டாக். அப்புறம் ஓடவிட்டு, சர்வர் லாகைப் பாருங்கள். கன்ஸ்ட்ரக்டருக்கு அடுத்த வரியில் உங்கள் சொந்த பேக்கேஜ் பெயர் வந்தால், அந்த இடத்தில் "நியூ" இருக்கிறது. வரி எண்ணோடு காட்டிவிடும். அங்கே ஜாவாவின் ரிஃப்ளெக்ட் கிளாஸ்களும் அவற்றுக்குக் கீழே வெல்ட் (சிடிஐ-யின் ஒரு செயலாக்கம்), ஸ்பிரிங் (தனி ஜாவா ஃபிரேம்வொர்க்) போன்ற பெயர்களும் வந்தால், உருவாக்கியது கன்டெய்னர்தான். காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். அப்ளிகேஷன்ஸ்கோப், ரிக்வெஸ்ட்ஸ்கோப் போன்ற ஸ்கோப் (பீன் எவ்வளவு நேரம் வாழும் என்ற வரையறை) உள்ள சிடிஐ பீன்களுக்கு வெல்ட் ஒரு ப்ராக்ஸியையும் (உண்மையான ஆப்ஜெக்டுக்கு முன்னால் நிற்கும் பதிலி) உருவாக்கும். அதனால் ஒரே பீனுக்கு கன்ஸ்ட்ரக்டர் இரண்டு முறை ஓடியது போல் தெரியலாம். அதைப் பார்த்து இரண்டு ஆப்ஜெக்ட் உருவாகிவிட்டதே என்று குழம்ப வேண்டாம்.

ஜாவா 15 முதல் நல்பாயிண்டர்எக்செப்ஷனின் செய்தியே எந்த ஃபீல்டு காலி என்று பெயர் சொல்லிக் காட்டுகிறது. ஜாவா 14-லும் இந்த வசதி உண்டு, ஆனால் தனியாக இயக்க வேண்டும். ஒரே வரியில் மூன்று நான்கு கூப்பிடல்கள் கோத்திருக்கும் கோடில் இது பெரிய உதவி.

மெயின் மெத்தட் உள்ள தனி நிரலில் @வெப்சர்வீஸ்ரெஃப் வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் அந்த நிரல் அப்ளிகேஷன் கிளையன்ட் கன்டெய்னருக்குள் ஓட வேண்டும். சாதாரணமாக "ஜாவா" கட்டளையில் ஓட்டினால் அங்கே கன்டெய்னரே கிடையாது. ஃபீல்டு காலியாகத்தான் இருக்கும். கிளாஸ்ஃபிஷ், வைல்டுஃபிளை இரண்டிலும் பின் ஃபோல்டரில் "ஆப்கிளையன்ட்" என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதன் வழியாக ஓட்டுங்கள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு: மெயின் கிளாஸில் அந்த ஃபீல்டு ஸ்டாடிக் ஆக இருக்க வேண்டும். மெயின் மெத்தட் ஸ்டாடிக் என்பதால் கன்டெய்னர் அந்த கிளாஸிலிருந்து ஆப்ஜெக்ட் எதையும் உருவாக்குவதில்லை. கிளாஸிலேயே நேரடியாக நிரப்புகிறது. இந்த உதாரணத்தைப் பார்த்துவிட்டு சர்வ்லெட்டிலும் இஜேபியிலும் ஸ்டாடிக் போடுபவர்கள் நிறையப் பேர். அங்கே போடக் கூடாது. சிடிஐ ஸ்டாடிக் ஃபீல்டைத் தொடுவதே இல்லை. ஸ்பிரிங்கும் ஸ்டாடிக் ஃபீல்டில் உள்ள @ஆட்டோவயர்டைத் தவிர்த்துவிட்டு லாகில் ஒரு வரி எழுதி வைக்கும்.

சின்னதாக ஒரு கட்டளைவரி கருவிக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையா என்றால், தேவையில்லை. "நியூ ரேட்சர்வீஸ்" என்று நீங்களே உருவாக்கி, அதிலிருந்து போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது முற்றிலும் சரியான வழி.

கன்ஸ்ட்ரக்டருக்குள் போர்ட்டைப் பயன்படுத்தினால் மட்டும் பிழை வருகிறது?

ஃபீல்டு இன்ஜெக்ஷன் நடப்பது கன்ஸ்ட்ரக்டர் ஓடி முடிந்த பிறகு. அந்த வேலையை @போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் போட்ட மெத்தடுக்கு மாற்றுங்கள்.

ஆப்ஜெக்டை உருவாக்கியது கன்டெய்னர்தான் என்று உறுதி செய்துவிட்டேன். ஆனாலும் காலி. எரரும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. இது எப்படி?

இதுதான் இந்தப் பக்கத்திலேயே அதிக நேரத்தை விழுங்கும் சிக்கல். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஜேவிஎம்-மின் ஒரு குணம் தெரிந்திருக்க வேண்டும்: ஓடும் நேரத்தில் ஓர் அனோட்டேஷனின் கிளாஸ் கிடைக்கவில்லை என்றால் அது எரர் தராது. அந்த அனோட்டேஷனே இல்லாதது போல் நடந்துகொள்ளும். சாதாரண கிளாஸ் ஒன்று இல்லையென்றால் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் வந்து உங்களை உடனே எழுப்பிவிடும். அனோட்டேஷனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஜார் கிளாஸ்பாத்தில் இருந்தாலும், கன்டெய்னர் தேடுவது வேறு பேக்கேஜின் அனோட்டேஷன் என்றால் முடிவு அதேதான்.

இதோடு ஜாவாக்ஸ், ஜகார்த்தா மாற்றத்தைச் சேர்த்துப் பாருங்கள். ஜாவா இஇ-யின் புதிய பெயர்தான் ஜகார்த்தா இஇ. ஜகார்த்தா இஇ 9 வெளியானது 2020 டிசம்பரில். அதில் "ஜாவாக்ஸ்" என்று தொடங்கிய பேக்கேஜ்கள் எல்லாம் "ஜகார்த்தா" என்று மாறின. டாம்கேட் 10, வைல்டுஃபிளை 27, ஸ்பிரிங் பூட் 3 எல்லாம் இந்தப் புதிய பெயர்களைத்தான் பார்க்கின்றன. நீங்கள் சர்வ்லெட்டின் இம்போர்ட்டை மாற்றிவிட்டு, @இன்ஜெக்ட்டின் இம்போர்ட்டை மட்டும் பழைய ஜாவாக்ஸிலேயே விட்டிருந்தால் என்ன ஆகும்? மேவன் டிபெண்டென்சிகளில் பழைய ஜார் இன்னும் இருந்தால் கம்பைல் ஆகும். சர்வ்லெட் சரியாக எழுந்து நிற்கும். ஃபீல்டு மட்டும் சத்தமில்லாமல் காலியாக இருக்கும். பக்கத்திலேயே இரண்டு இம்போர்ட் வரிகள், ஒன்று புதியது, ஒன்று பழையது. கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

அதனால் கிளாஸின் மேலே போய் இம்போர்ட் வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். இன்ஜெக்ட், அனோட்டேஷன், இஜேபி, சர்வ்லெட், எக்ஸ்எம்எல் டபிள்யூஎஸ், டபிள்யூஎஸ் ஆர்எஸ் ஆகிய பேக்கேஜ்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். அதேசமயம் எல்லா ஜாவாக்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள். ஜாவாக்ஸ்.எஸ்க்யூஎல், ஜாவாக்ஸ்.நேமிங் போன்றவை ஜாவா எஸ்இ-யின் பகுதிகள். அவற்றின் பெயர் மாறவில்லை. டேட்டாசோர்ஸ் இன்னும் ஜாவாக்ஸ்தான்.

இம்போர்ட் சரியாக இருந்தால் அடுத்து வெப்.எக்ஸ்எம்எல் கோப்பைத் திறங்கள். அதில் "மெட்டாடேட்டா-கம்ப்ளீட்" என்ற பண்பு "ட்ரூ" என்று இருந்தால், "எல்லாம் இந்தக் கோப்பிலேயே இருக்கிறது, அனோட்டேஷன்களைப் பார்க்காதே" என்று கன்டெய்னரிடம் நீங்களே சொல்லிவிட்டீர்கள். கோப்பின் தலைப்பில் வெர்ஷன் 2.4 என்றிருந்தாலும் கிட்டத்தட்ட அதே கதை, ஏனென்றால் சர்வ்லெட்டுகளில் அனோட்டேஷன்கள் வந்ததே 2.5-இல்தான். பழைய புராஜெக்டிலிருந்து நகலெடுத்த வெப்.எக்ஸ்எம்எல் பத்து வருடம் கழித்தும் இப்படி வந்து நிற்கும்.

மூன்றாவது, எந்த சர்வர் என்பது. டாம்கேட் ஒரு சர்வ்லெட் கன்டெய்னர். அதில் சிடிஐ கிடையாது, ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் (சோப் சேவைகளுக்கான ஜாவா ஏபிஐ) செயலாக்கமும் கிடையாது. வெல்ட் போன்ற ஒன்றை நீங்களே சேர்த்து இணைக்காமல் டாம்கேட்டில் @இன்ஜெக்ட் எதுவும் செய்யாது. கிளாஸ்ஃபிஷில் ஓடிய வார் கோப்பு டாம்கேட்டில் ஓடாததற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

ஜாவா 8-லிருந்து 11-க்கு மாறியதும் சோப் கிளையன்ட் மொத்தமாக நின்றுவிட்டது.

ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் ஜாவா 6-இலிருந்து ஜேடிகே-க்குள்ளேயே இருந்தது. ஜாவா 9-இல் அதை ஒதுக்கி வைத்தார்கள். 9, 10 இரண்டிலும் "ஆட்-மாட்யூல்ஸ்" என்ற கட்டளைவரித் தேர்வு கொடுத்துச் சமாளிக்க முடிந்தது. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-இல் முழுவதுமாக நீக்கிவிட்டார்கள். ஜாக்ஸ்பி (எக்ஸ்எம்எல்-ஐ ஜாவா ஆப்ஜெக்டாக மாற்றுவது), டபிள்யூஎஸ்இம்போர்ட் கருவி எல்லாமே கூடவே போயின. ஆட்-மாட்யூல்ஸ் தேர்வை அப்படியே விட்டுவைத்தால் ஜாவா 11-இல் ஜேவிஎம் எழவே எழாது.

இப்போது அவற்றை வெளி லைப்ரரியாகச் சேர்க்க வேண்டும். ஏபிஐ ஜாரை மட்டும் சேர்த்தால் கம்பைல் ஆகும்; ஓடும்போது "ப்ரொவைடர்இம்ப்ல் கிடைக்கவில்லை" என்று நிற்கும். ஏபிஐ என்பது இன்டர்ஃபேஸ்கள் மட்டும்தான். செய்து முடிக்கும் கோடு "ஜாக்ஸ்டபிள்யூஎஸ்-ஆர்டி" என்ற ஜாரில் இருக்கிறது. ஜாவாக்ஸ் பெயர்களோடு இருப்பவர்களுக்கு அதன் 2.3 வரிசை, ஜகார்த்தாவுக்கு மாறியவர்களுக்கு 3.0 அல்லது 4.0. இரண்டையும் கலக்க வேண்டாம். முழு ஜகார்த்தா சர்வரில் ஓடுகிறது என்றால் சேர்க்கும் முன் பாருங்கள். சர்வரிலேயே ஒரு செயலாக்கம் இருந்தால் இரண்டும் மோதும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: @ரிசோர்ஸ், @போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் இரண்டும் அதே நீக்கத்தில் ஜேடிகே-யை விட்டுப் போனவை. ஏற்கெனவே கம்பைல் ஆன ஜாரை ஜாவா 11-இல் ஓட்டினால், மேலே சொன்ன அதே குணத்தால் @போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தட் சத்தமில்லாமல் ஓடாமல் போகலாம்.

ரேட்போர்ட்டை @இன்ஜெக்ட் மூலம் வாங்கப் பார்த்தேன். "வெல்ட்-001408" என்று வருகிறது.

இது நல்ல எரர். எந்த வகைக்கு பீன் கிடைக்கவில்லை, எந்த ஃபீல்டுக்காகத் தேடியது என்று முழுதாகச் சொல்கிறது. ரேட்போர்ட் ஓர் இன்டர்ஃபேஸ். அதைச் செயல்படுத்தும் கிளாஸ் உங்கள் கோடில் இல்லை, ஓடும்போதுதான் உருவாகிறது. சிடிஐ-க்கு அது எங்கிருந்து வரும் என்று தெரியாது. நீங்கள்தான் சொல்லித் தர வேண்டும்.

ஒரு சிறு பீன் எழுதி, அதில் ரேட்போர்ட் வகையில் ஒரு ஃபீல்டு வையுங்கள். அதன் மேல் @வெப்சர்வீஸ்ரெஃப், அடைப்புக்குள் ரேட்சர்வீஸ் கிளாஸ். அதோடு சிடிஐ-யின் @ப்ரொட்யூசஸ். அவ்வளவுதான். கன்டெய்னர் ஃபீல்டை நிரப்பும், ப்ரொட்யூசர் அதை மற்ற பீன்களுக்கு வழங்கும். அந்த ப்ரொட்யூசர் ஃபீல்டுக்கு ஸ்கோப் எதையும் போடாமல், இயல்பான டிபெண்டன்ட்டிலேயே விடுங்கள்.

உங்கள் சொந்த கிளாஸுக்கே இந்த எரர் வந்தால் பீன்ஸ்.எக்ஸ்எம்எல் கோப்பைப் பாருங்கள். வார் கோப்பில் அது வெப்-இன்ஃப் ஃபோல்டரிலும், ஜார் கோப்பில் மெட்டா-இன்ஃப் ஃபோல்டரிலும் இருக்க வேண்டும். ஜாவா இஇ 6-இல் அது கட்டாயம். 7-இலிருந்து கட்டாயமில்லை, ஆனால் கோப்பு இல்லாவிட்டால் ஸ்கோப் அனோட்டேஷன் போன்ற அடையாளம் உள்ள கிளாஸ்கள் மட்டுமே பீனாகும். ஜகார்த்தா இஇ 10-உடன் வந்த சிடிஐ 4.0-இல் இன்னொரு மாற்றம்: காலியான பீன்ஸ்.எக்ஸ்எம்எல் வைத்தால் முன்பு எல்லா கிளாஸும் பீனாகின. இப்போது அடையாளம் உள்ளவை மட்டும். சர்வரை மேம்படுத்திய மறுநாள் 001408 வரிசையாக வந்தால் இதுதான் காரணம். கிளாஸுக்கு ஒரு ஸ்கோப் கொடுப்பதே சரியான தீர்வு. அவசரத்துக்கு அந்தக் கோப்பில் பீன்-டிஸ்கவரி-மோடை "ஆல்" என்று வைக்கலாம்.

001409 என்றால்?

ஒன்றுக்கு மேற்பட்ட பீன்கள் பொருந்துகின்றன, எதைக் கொடுப்பது என்று தெரியவில்லை. சோதனைக்கு ஒரு போர்ட், உற்பத்திக்கு ஒரு போர்ட் என்று இரண்டு ப்ரொட்யூசர் இருந்தால் இப்படி வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குவாலிஃபயர் (ஒரே வகை பீன்களை வேறுபடுத்திக் காட்டும் அனோட்டேஷன்) எழுதிப் பிரித்துவிடுங்கள். ஸ்பிரிங்கில் இதே நிலைக்கு @குவாலிஃபயர் அல்லது @ப்ரைமரி.

டீபக்கரில் பார்த்தால் பீனின் எல்லா ஃபீல்டும் காலியாகத் தெரிகிறது. ஆனால் கோடு சரியாக ஓடுகிறது! எதை நம்புவது?

கோடை நம்புங்கள். நீங்கள் டீபக்கரில் பார்ப்பது ப்ராக்ஸியை. அப்ளிகேஷன்ஸ்கோப் பீனை @இன்ஜெக்ட் மூலம் வாங்கும்போது உங்களுக்குக் கிடைப்பது உண்மையான ஆப்ஜெக்ட் அல்ல; அதே கிளாஸிலிருந்து பிறந்த ஒரு துணை கிளாஸின் ஆப்ஜெக்ட். மெத்தட் கூப்பிடும்போது அது உண்மையான ஆப்ஜெக்டைத் தேடி அதனிடம் வேலையைக் கொடுக்கிறது. ப்ராக்ஸியின் சொந்த ஃபீல்டுகள் எப்போதும் காலிதான். கிளாஸ் பெயரை அச்சிட்டுப் பாருங்கள்: வெல்ட் என்றால் பெயருக்குள் "வெல்ட்கிளையன்ட்ப்ராக்ஸி" என்றும், ஸ்பிரிங் என்றால் "சிஜிலிப்" என்றும் இருக்கும். உண்மையான ஃபீல்டுகளைப் பார்க்க, அந்த பீனின் மெத்தடுக்குள் பிரேக்பாயிண்ட் வைத்து அங்கே "திஸ்" ஆப்ஜெக்டைப் பாருங்கள்.

இதே காரணத்தால் உண்மையான பிழையும் வரும். பீனின் ஃபீல்டை வெளியிலிருந்து நேரடியாகப் படித்தால் ப்ராக்ஸியின் காலி ஃபீல்டுதான் கிடைக்கும்; கெட்டர் வழியாகப் படியுங்கள். இன்னொன்று, ஸ்பிரிங்கில் ஃபைனல் மெத்தட். துணை கிளாஸால் ஃபைனல் மெத்தடை மாற்றி எழுத முடியாது. அதனால் அந்த மெத்தட் உண்மையான ஆப்ஜெக்டுக்குப் போகாமல் ப்ராக்ஸியின் மீதே ஓடும். உள்ளே போர்ட் ஃபீல்டு காலி. ஒரே கிளாஸில் ஒன்பது மெத்தட் வேலை செய்து ஒன்று மட்டும் நல்பாயிண்டர் தந்தால், அது ஃபைனலா என்று பாருங்கள்.

சர்வீஸை இன்ஜெக்ட் செய்வதா, போர்ட்டை இன்ஜெக்ட் செய்வதா?

ஃபீல்டின் வகை ரேட்சர்வீஸ் என்றால் அனோட்டேஷனுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டாம். ஃபீல்டின் வகை ரேட்போர்ட் என்றால் அடைப்புக்குள் ரேட்சர்வீஸ் கிளாஸைக் கொடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அந்தப் போர்ட் எந்த சர்வீஸுடையது என்று கன்டெய்னருக்குத் தெரியாது. ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு போர்ட் உள்ள சேவை என்றால் சர்வீஸை வாங்கி, தேவையான போர்ட்டை நீங்களே எடுங்கள். அடுத்தடுத்த இரண்டு கேள்விகளில் வரும் காரணங்களுக்காகவும் நான் சர்வீஸை வாங்குவதையே பரிந்துரைப்பேன்.

டெப்ளாய் செய்யும்போதே "டபிள்யூஎஸ்டிஎல்-ஐ அணுக முடியவில்லை" என்று விழுகிறது. இது இன்ஜெக்ஷன் பிழையா?

இன்ஜெக்ஷனின் நடுவில் வரும் பிழை. ஃபீல்டை நிரப்ப ரேட்சர்வீஸை உருவாக்க வேண்டும். ரேட்சர்வீஸ் உருவாகும்போதே டபிள்யூஎஸ்டிஎல் கோப்பை, அதாவது சேவையின் விவரக் கோப்பைப் படிக்கிறது. அந்தக் கோப்பின் முகவரி, டபிள்யூஎஸ்இம்போர்ட் ஓட்டிய நேரத்தில் என்ன கொடுத்தீர்களோ அதுவே கிளாஸுக்குள் பதிந்திருக்கும். உங்கள் கணினியில் இருந்த ஒரு கோப்பைக் கொடுத்திருந்தால், உங்கள் ஹோம் ஃபோல்டரின் முழுப் பாதை அந்த கிளாஸில் இருக்கும். உற்பத்தி சர்வரில் அந்த ஃபோல்டர் எங்கே இருக்கப் போகிறது?

டபிள்யூஎஸ்டிஎல் கோப்பை வாருக்குள்ளேயே, வெப்-இன்ஃப் ஃபோல்டரில் "டபிள்யூஎஸ்டிஎல்" என்ற உள்ஃபோல்டரில் வைத்து, @வெப்சர்வீஸ்ரெஃப்-இன் டபிள்யூஎஸ்டிஎல்லொகேஷனில் அந்தப் பாதையைக் கொடுங்கள். எதிர்முனை சேவை தூங்கிக்கொண்டிருந்தாலும் உங்கள் அப்ளிகேஷன் எழும்; கூப்பிடும்போதுதான் பிழை வரும். உண்மையான முகவரியை, பைண்டிங்ப்ரொவைடரின் எண்ட்பாயிண்ட்_அட்ரஸ்_ப்ராப்பர்ட்டி என்ற மாறிலியைக் கொண்டு ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்டில் போடுங்கள். டபிள்யூஎஸ்ஜென் (ஜாவா கிளாஸிலிருந்து டபிள்யூஎஸ்டிஎல் எழுதும் கருவி) உருவாக்கிய டபிள்யூஎஸ்டிஎல் என்றால் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் "இங்கே உண்மை முகவரியைப் போடு" என்ற பொருளில் ஒரு நிரப்பு வார்த்தைதான் இருக்கும். அதை அப்படியே விட்டால் கூப்பிடல் எங்கும் போய்ச் சேராது.

இன்ஜெக்ட் ஆன போர்ட் பல த்ரெட்களில் பாதுகாப்பானதா?

பாதுகாப்பானது என்று ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் உறுதி தருவதில்லை. சர்வ்லெட் ஃபீல்டில் உள்ள போர்ட் ஒன்றுதான். எல்லா ரிக்வெஸ்டும் அதையே பகிர்ந்துகொள்கின்றன. போர்ட்டின் ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்ட் என்பது அந்தப் போர்ட்டோடு ஒட்டிய ஒரு மேப். ஒரு ரிக்வெஸ்ட் அதில் ஒருவரின் யூசர்நேமும் பாஸ்வேர்டும் போட்டு, கூப்பிடும் முன் இன்னொரு ரிக்வெஸ்ட் அதே மேப்பில் வேறொருவருடையதைப் போட்டுவிட்டால், முதல்வரின் கூப்பிடல் இரண்டாமவர் பெயரில் போகும். சோதனையில் ஒரே ஆள் பயன்படுத்தும்போது இது ஒருபோதும் தெரியாது. கூட்டம் வந்தபின் தெரியும், அதுவும் எப்போதாவது. ஒருவரின் கணக்கு விவரம் இன்னொருவர் திரையில் வருவதை சாதாரண பக் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதில் தயவுசெய்து கவனமாக இருங்கள்.

ஜாக்ஸ்டபிள்யூஎஸ்-ஆர்டி, அதாவது மெட்ரோ பயன்படுத்துபவர்கள் சர்வீஸை ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கூப்பிடலுக்கும் புதிய போர்ட் எடுக்கலாம். டபிள்யூஎஸ்டிஎல் படிப்பதுதான் செலவு, போர்ட் எடுப்பது ஒப்பீட்டில் மலிவு. அப்பாச்சி சிஎக்ஸ்எஃப்-இல் போர்ட் உருவாக்குவது கனமானது. அங்கே ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்டை த்ரெட்டுக்கு ஒன்றாக மாற்றும் "த்ரெட்.லோக்கல்.ரிக்வெஸ்ட்.கான்டெக்ஸ்ட்" என்ற அமைப்பு இருக்கிறது, அதை இயக்கிக்கொள்ளுங்கள். முகவரியை ஒருமுறை தொடக்கத்தில் போட்டுவிட்டு பிறகு கான்டெக்ஸ்டைத் தொடாத கோடு என்றால் இவ்வளவு பயம் வேண்டாம்.

ஹேண்ட்லருக்குள், ரெஸ்ட் ஃபில்டருக்குள் இன்ஜெக்ஷன் வேலை செய்யவில்லை.

மறுபடியும் அதே கேள்வி: யார் உருவாக்கினார்? @ஹேண்ட்லர்செயின் மூலம் கோப்பில் அறிவித்த ஹேண்ட்லரை கன்டெய்னர் உருவாக்கும். உள்ளே @ரிசோர்ஸ் வேலை செய்யும். செட்ஹேண்ட்லர்செயினுக்கு நீங்கள் "நியூ" போட்டுக் கொடுத்தது உங்களுடையது. ஜாக்ஸ்-ஆர்எஸ் (ரெஸ்ட் சேவைகளுக்கான ஜாவா ஏபிஐ) கிளையன்டில் ரெஜிஸ்டர் மெத்தடுக்கு "நியூ டோக்கன்ஃபில்டர்" கொடுப்பதும் அப்படியே. ஃபில்டருக்கு என்ன வேண்டுமோ அதை வெளியே இருக்கும் பீனில் வாங்கி, ஃபில்டரின் கன்ஸ்ட்ரக்டர் வழியாக உள்ளே அனுப்புங்கள்.

மைக்ரோப்ரொஃபைல் ரெஸ்ட் கிளையன்டில் பீன் கிடைக்கவில்லை என்கிறது.

@இன்ஜெக்ட் மட்டும் போதாது. ஃபீல்டில் @ரெஸ்ட்கிளையன்ட் என்ற குவாலிஃபயரும் வேண்டும். இன்டர்ஃபேஸின் மேல் @ரெஜிஸ்டர்ரெஸ்ட்கிளையன்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் இருந்து முகவரி பற்றிய பிழை வந்தால், கன்ஃபிகரேஷனில் இன்டர்ஃபேஸின் முழுப்பெயரும் அதன் பின் "/எம்பி-ரெஸ்ட்/யூஆர்எல்" என்றும் வரும் சாவி விடுபட்டிருக்கும். இன்டர்ஃபேஸை வேறு பேக்கேஜுக்கு நகர்த்தினால் அந்தச் சாவியும் மாற வேண்டும். கன்ஃபிக்கீ என்று ஒரு சிறிய பெயர் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்பிரிங் பூட்டில் ரெஸ்ட்டெம்ப்ளேட் பீன் இல்லை என்கிறதே?

பூட் அதை உங்களுக்காக உருவாக்கி வைப்பதில்லை. ரெஸ்ட்டெம்ப்ளேட்பில்டரைத்தான் தருகிறது, அதைக் கொண்டு @பீன் மெத்தட் ஒன்றில் நீங்கள் உருவாக்க வேண்டும். ஃபெய்ன் கிளையன்ட் (இன்டர்ஃபேஸ் எழுதினாலே ரெஸ்ட் கிளையன்டை உருவாக்கித் தரும் லைப்ரரி) கிடைக்கவில்லை என்றால் @எனேபிள்ஃபெய்ன்கிளையன்ட்ஸ் இருக்கிறதா, கிளையன்ட் இன்டர்ஃபேஸ் மெயின் கிளாஸின் பேக்கேஜுக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். சுழற்சிச் சார்பு (இரண்டு பீன்கள் ஒன்றையொன்று கேட்பது) என்று பூட் எழ மறுத்தால், 2.6-இலிருந்து அது இயல்பாகவே தடை செய்யப்பட்டது. தடையை நீக்கும் அமைப்பு உண்டு. ஆனால் இரண்டு கிளாஸுக்கும் பொதுவான வேலையை மூன்றாவதாக ஒன்றில் பிரித்து எழுதுவது நல்லது.

யூனிட் டெஸ்டில் எல்லா ஃபீல்டும் காலி.

ஜேயூனிட் இன்ஜெக்ட் செய்யாது. போலி ஆப்ஜெக்டுகள் உருவாக்கும் லைப்ரரியான மோக்கிட்டோவின் @இன்ஜெக்ட்மாக்ஸ் வேலை செய்ய மோக்கிட்டோ எக்ஸ்டென்ஷனை டெஸ்ட் கிளாஸில் இணைக்க வேண்டும். இணைத்தாலும், பொருத்தமான இடம் கிடைக்காவிட்டால் அது பிழை சொல்லாமல் விட்டுவிடும். கன்ஸ்ட்ரக்டர் இன்ஜெக்ஷனுக்கு மாறுங்கள்: டெஸ்டில் "நியூ" போட்டு, போலி போர்ட்டைக் கையாலேயே கொடுக்கலாம். போர்ட்டை மறந்தால் கம்பைலரே நிறுத்தும்.

தனி த்ரெட்டில் கூப்பிட்டால் "வெல்ட்-001303" வருகிறது.

நீங்களே உருவாக்கிய த்ரெட்டில் ரிக்வெஸ்ட் ஸ்கோப் கிடையாது. தேவையான மதிப்புகளை ரிக்வெஸ்ட்டிலேயே எடுத்து, சாதாரண மதிப்புகளாக அந்த வேலைக்குக் கொடுங்கள். த்ரெட்டையும் நீங்களே உருவாக்காமல், ஜாவா இஇ 7-இலிருந்து இருக்கும் மேனேஜ்டுஎக்ஸிக்யூட்டர்சர்வீஸை @ரிசோர்ஸ் மூலம் வாங்கிப் பயன்படுத்துங்கள்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் சரியாகவில்லை. உதவி கேட்கும்போது என்ன கொடுக்க வேண்டும்?

ஜாவா வெர்ஷன், சர்வரின் பெயரும் வெர்ஷனும், அந்த கிளாஸின் இம்போர்ட் வரிகள் (பலர் வெட்டிவிடுவது இதைத்தான்), ஃபீல்டும் அதன் அனோட்டேஷன்களும், டம்ப்ஸ்டாக் காட்டிய முதல் பத்து வரிகள், பீன்ஸ்.எக்ஸ்எம்எல், வெப்.எக்ஸ்எம்எல் இரண்டின் தலைப்பு. ஸ்டாக் டிரேஸ் தரும்போது கடைசி "காஸ்டு பை" வரை தாருங்கள்; உண்மையான காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பாஸ்வேர்டும் உள்முகவரிகளும் இருந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கள்.